தடை உத்தரவு இல்லை. ஆனால் சேனல் தெரியவில்லை!
செய்தி டி.வி.க்களை மிரட்டும் கேபிள் ஒயர்

தர்மபுரி பஸ் நிலையம் பக்கத்து டீக்கடைகளில் டி.வி. செய்தி ஓடாவிட்டால் பலருக்கு டீ இறங்காது. ஒரு சேனல் திடீரென்று மறைந்தால் கடைக்காரர் முதலில் ரிமோட்டைத் தட்டுவார். பிறகு கேபிள்காரருக்குப் போன் போடுவார்.

"என்னப்பா, வரலையே?"

"மேலயே வரலைங்க!"

அந்த "மேலே" யார்? விவகாரமே அங்கேதான்.

கரூரில் 2025 செப்டம்பர் 27-ந்தேதி த.வெ.க. தலைவர் விஜய் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் பலியானார்கள். அடுத்த சில நாட்களில், 'புதிய தலைமுறை' சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்று புகார் கிளம்பியது. கரூர் செய்திகளை ஒளிபரப்பிய கோபம்தான் காரணம் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. பத்திரிகையாளர்களும் கண்டித்தார்கள். அப்போது நடந்தது தி.மு.க. ஆட்சி.

அ.தி.மு.க. மட்டும் சும்மா இருந்ததா? 2018 ஜூனில் இதே சேனல் கோவையில் வட்டமேசை விவாதம் நடத்தியது. டைரக்டர் அமீர் பேசும்போது ரகளை. ரகளை செய்தவர்கள் இருக்க, விவாதம் நடத்திய சேனல் மீதே பீளமேடு போலீசார் வழக்குப் போட்டார்கள்! அதே சமயத்தில் அரசு கேபிளில் அந்த சேனல் 499-ம் எண்ணுக்குத் தள்ளப்பட்டது. அவ்வளவு தூரம் யார் ரிமோட்டை அமுக்கிக்கொண்டு போவார்கள்?

அரசு கேபிள் கம்பெனி 2007-ல் கருணாநிதி ஆட்சியில் பிறந்தது. மாறன் சகோதரர்களோடு மனக்கசப்பு இருந்த நேரம் அது. 2011-ல் ஜெயலலிதா அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். மாதம் 70 ரூபாய்க்கு கேபிள். ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் தொடங்கியபோது அதில் சன் டி.வி. இல்லை! மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்கவே கூடாது என்று 2012-ல் டிராய் சிபாரிசு செய்தது. என்றாலும் 2017-ல் மத்திய அரசு டிஜிட்டல் லைசென்சு கொடுத்துவிட்டது.

டெல்லி மட்டும் யோக்கியமா? கேரளத்து 'மீடியா ஒன்' சேனலின் ஒளிபரப்பை 2022 ஜனவரியில் நிறுத்தினார்கள். உள்துறை அனுமதி தரவில்லையாம். காரணத்தை சீல் வைத்த கவரில் போட்டு கோர்ட்டில் கொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 5-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது.

அங்கே எதிர்த்து வழக்குப் போட ஒரு உத்தரவுத் தாளாவது கையில் இருந்தது. இங்கே எதை நீட்டுவது? சிக்னலை நிறுத்த 3 வாரம் முன்கூட்டியே நோட்டீசு தரவேண்டும் என்று டிராய் விதி இருக்கிறது. நோட்டீசே இல்லாமல் படம் மறைந்தால், "டெக்னிக்கல் கோளாறு" என்று சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறது. டெல்லி தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அதற்குள் பரபரப்பான செய்தி ஆறிப்போய்விடும். அதுதானே வேண்டும் அவர்களுக்கு?

பென்னாகரம், அரூர் பக்கத்து கேபிள்காரர் பாவம். மேலே இருந்து வருவதைத்தான் அவர் வீடுகளுக்கு அனுப்ப முடியும். திட்டு மட்டும் அவருக்கு.

செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். பார்க்கலாம்தான். ஆனால் டீக்கடையில் பத்துப் பேர் சேர்ந்து பார்த்து, "அதெப்படிய்யா?" என்று அங்கேயே சண்டை போட, சுவரில் மாட்டிய அந்தப் பெட்டியில்தான் படம் வரவேண்டும்.