திமிங்கலச் சுறாவும் நம்ம ஊர் நியாயவான்களும்

கரையில் ஒரு திமிங்கலச் சுறா செத்து ஒதுங்கினது என்று பேப்பரில் வந்தால் போதும். "இந்த மீனவங்களுக்கு இரக்கமே கிடையாது, பிடிச்சு உள்ளே போடணும்" என்று ஆரம்பித்து விடுகிறோம். இப்படிப் பேசுகிற பலர் கடலைப் பார்ப்பதே திருச்செந்தூர் போகும்போதுதான் மக்கா!

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது திமிங்கலம் இல்லை, மீன்தான். உலகத்திலேயே பெரிய மீன். நம்ம டவுன் பஸ்ஸை விட நீளமாக வளரும். ஆனால் மனுஷனை ஒன்றும் செய்யாது. வாயைத் திறந்து கடல்நீரை வாங்கி, அதிலுள்ள மிதவை உயிரிகளையும் குட்டி மீன்களையும் வடிகட்டித் தின்னும். குட்டி போடும் வயதுக்கு வரவே இருபது, முப்பது வருஷம் ஆகும். அதனால் ஒன்று போனால் ஈடுகட்ட ஒரு தலைமுறை வேண்டும். 2016-லிருந்து இது உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள உயிரினம்.

இந்தியாவில் 2001-லேயே இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக வைத்துவிட்டார்கள். கொன்றால் 3 முதல் 7 வருஷம் சிறை. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் மட்டும் போதுமா?

குஜராத்தைப் பாருங்கள். ஈரல் எண்ணெய்க்காக இந்தச் சுறாவை வேட்டையாடிய கடற்கரை அது. 2004-ல் ராமகதை சொல்லும் மொராரி பாபு, "இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள்" என்று மீனவர்களிடம் பேசினார். கூடவே, வலையை அறுத்துச் சுறாவை விட்டவருக்கு நஷ்டஈடும் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பின. பேச்சோடு காசும் சேர்ந்ததால் நடந்தது இது. கடன் வாங்கி வாங்கிய வலையைச் சும்மா அறு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

சரி, நாம் யோக்கியமா? தாமிரபரணி புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில்தான் சேர்கிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று விடும் துணி, நெல்லை மாநகரின் சாக்கடை, கரையில் வீசும் பாலிதீன் பை... எல்லாம் ஆற்றில். நிலைமையைப் பார்க்க 2024-ல் உயர்நீதிமன்ற நீதிபதிகளே நேரில் வர வேண்டியதாயிற்று. நீரை அப்படியே வாங்கி வடிகட்டும் மீனுக்கு இரை எது, பிளாஸ்டிக் துணுக்கு எது என்று தெரியுமா?

மீனவர் தெரியாமல் வலையில் சிக்க வைக்கிறார். நாம் தெரிந்தே குப்பை போடுகிறோம். அவருக்கு ஜெயில் என்றால் நமக்கு என்ன?

அறுத்த வலைக்கு முழு விலையும் உடனே கையில் கிடைக்க வேண்டும். ஒரு சொட்டுச் சாக்கடையும் சுத்திகரிக்காமல் ஆற்றில் விழக்கூடாது. இந்த இரண்டையும் அரசிடம் கேளுங்கள். அப்புறம் மீனவருக்குப் புத்தி சொல்லலாம்.