மூன்று மார்க்குக்காக ஒரு பீர் கொலை

பீர் நுரை எவ்வளவு நேரம் நிற்கும் என்று உட்கார்ந்து அளந்த மனிதர் ஒருவர் இருக்கிறார். மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல்காரர் ஆர்ண்ட் லைக்க. மூன்று வகை பீரை ஊற்றி வைத்து, நுரையின் உயரத்தை நேரத்தோடு குறித்துக்கொண்டே வந்தார். கதிரியக்கப் பொருட்கள் எந்தக் கணக்கில் சிதைகின்றனவோ, ஏறக்குறைய அதே கணக்கில்தான் நுரையும் அடங்குகிறது என்று காட்டினார். 2002-ல் இதற்கு இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு சொல்லும் சங்கதி சீரியஸானது. நுரை மிக வேகமாகக் குறைவது ஊற்றிய உடனேதான். ஹாப்ஸின் வாசனை மூக்கைத் தூக்கி அடிப்பதும் அப்போதுதான்.

அந்த அருமையான முதல் நிமிடங்களில் இன்றைய க்ராஃப்ட் பீர் ரசிகர் என்ன செய்கிறார்? கிளாஸைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைத் தேடிப் போகிறார்! லேபிள் தெரிய பாட்டிலைத் திருப்பி வைக்கிறார். பின்னால் இருக்கும் கெட்சப் பாட்டிலை நகர்த்துகிறார். இருபது படம் எடுத்து, பத்தொன்பதை அழித்து, மிச்சத்துக்கு நிறம் ஏற்றிவிட்டு உதட்டில் வைக்கும்போது நுரை பாதியாகிவிட்டது, பீர் சூடாகிவிட்டது. அதற்குப் பிறகு எழுதுகிறார் பாருங்கள் ஒரு சுவைக்குறிப்பு: “வாசனை சற்றே மந்தம். ஐந்துக்கு மூன்றரை.” மந்தமாக்கியது யார் சாமி?

ஜன்னல் வெளிச்சம் இதைவிட மோசம். ‘பீரை இயற்கை வெளிச்சத்தில் எடுங்கள், பின்னாலிருந்து வெயில் ஊடுருவினால் தங்கம் மாதிரி ஜொலிக்கும்’ என்பதுதான் பீர் போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுக்கும் எல்லோரும் சொல்லும் முதல் பாடம். ஜொலிக்கும், வாஸ்தவம். ஆனால் ஹாப்ஸிலிருந்து பீருக்குக் கசப்பைத் தரும் ஐசோஹியூமுலோன் என்ற பொருளுக்கு வெளிச்சம் ஆகாது. புற ஊதாக் கதிரோ நீல ஒளியோ பட்டால், பீரில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃபிளேவின் (அதே பி2 வைட்டமின்தான்) அந்தச் சக்தியை வாங்கிக் கொடுக்க, ஐசோஹியூமுலோன் உடைகிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து ஒரு தயாலாக மாறுகிறது. ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணி எதிரிமேல் பீய்ச்சி அடிக்கும் திரவத்தில் இருப்பவற்றுக்கு நெருங்கிய பங்காளி இது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பதே இதற்காகத்தான். நல்ல வெயிலில் கிளாஸில் வைத்த பீர் கெட்டுப்போகச் சில நிமிடங்கள் போதும். ப்ரூவரிக்காரர் இருட்டிலும் குளிரிலும் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து சேர்த்ததை, ரசிகர் வெயிலில் காயப்போட்டு எடுப்பதற்குப் பெயர் போட்டோகிராபியாம்.

இத்தனையும் எதற்காக? அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் மார்க் ஷீட்டைப் பார்த்தால் தெரியும். மொத்தம் 50. சுவைக்கு 20, வாசனைக்கு 12, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10, வாயில் படும் உணர்வுக்கு 5. தோற்றத்துக்கு எவ்வளவு என்கிறீர்கள்? 3. நிறம், தெளிவு, நுரை எல்லாம் சேர்த்து வெறும் மூன்றே மார்க்! அந்த மூன்றுக்காக மற்ற நாற்பத்தேழையும் பலி கொடுக்கிறார்கள்.

உடனே ஒரு பதில் வரும்: “கண்ணும் சேர்ந்துதானே குடிக்கிறது?” ஆமாம், குடிக்கிறது. அதற்கு ஆதாரமே உண்டு. போர்தோவில் மோரோ, ப்ரோஷே, டுபூர்டியூ என்ற மூவர் செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஒயின் படிக்கும் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு அப்படியே ஒப்பித்தது. நிறத்துக்கு இவ்வளவு செல்வாக்கு இருக்கிறது என்றால் நிறத்தில் பொய் சொல்வது சின்னத் தப்பா, பெரிய தப்பா? கண்ணுக்காக வாதாடுகிறவர்கள் இதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

விளம்பரப் படம் எடுப்பவர்களை இங்கே விட்டுவிடலாம். அவர்கள் கிளாஸில் வழியும் முத்து முத்தான துளிகள் கிளிசரின் கலந்த தண்ணீர், நுரை சோப்பு நுரை, ஐஸ் கட்டி அக்ரிலிக். அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்கும் தெரியும், அந்தப் படத்துக்குக் கீழே யாரும் சுவைக்குறிப்பு எழுதுவதில்லை. சுவைத்து மார்க் போடுகிறவர் எடுக்கும் படம் வேறு ஜாதி. ‘இந்த பீரை இன்று குடித்தேன், இப்படி இருந்தது’ என்று அவர் சொல்வதற்கு அது சாட்சி. அதை நம்பி இன்னொருவர் காசு கொடுத்து வாங்குகிறார். கல்யாண ஆல்பத்தில் முகத்துக்குப் பளபளப்பு ஏற்றுவதில்லையா என்று கேட்பவர்களுக்கு: கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணுக்குக் கீழே யாரும் ஐந்துக்கு நாலேகால் என்று எழுதுவதில்லை.

பீரின் நிறம் அலங்காரம் இல்லை, அது ஒரு தகவல். லோவிபாண்ட் என்ற ஆங்கிலேய ப்ரூவர் 1880-களிலேயே நிறம் ஏற்றிய கண்ணாடித் துண்டுகளை வைத்து பீரின் நிறத்தை அளக்கக் கருவி செய்தார். இன்று 430 நானோமீட்டர் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து எஸ்ஆர்எம் என்ற எண்ணாகச் சொல்கிறார்கள். வெளிர் லாகர் 2, 3 என்று ஆரம்பித்து ஸ்டவுட் 30, 40 வரை போகும். மால்ட்டை எவ்வளவு வறுத்தார்கள் என்ற கதை அதில் இருக்கிறது.

கெட்டுப்போன கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கத்திலிருந்து கிளம்பி உலகமெல்லாம் பரவிய கலங்கல் ஐபிஏ, ஆக்ஸிஜன் பட்டால் மஞ்சளிலிருந்து மங்கிய பழுப்பாக, சாம்பல் பூத்த மாதிரி மாறும். மாம்பழ வாசனை போய் ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்துவிட்டதற்கு அதுதான் எச்சரிக்கை. எடிட்டிங் டிப்ஸ் என்ன சொல்கிறது? ‘வார்ம்த் கொஞ்சம் கூட்டுங்கள், சாச்சுரேஷன் கொஞ்சம் கூட்டுங்கள்.’ இரண்டே இழுப்பில் செத்த பீர் உயிர்த்தெழுந்து ஆரஞ்சு ஜூஸாக நிற்கிறது! கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸைச் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். டிப்ஸ் சொல்கிறது, ஹீலிங் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள் என்று. அடயப்பா, கிளாஸைத் துடைத்திருக்கலாமே! கண்ணாடியில் வியர்வைத் துளி இல்லாவிட்டால் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறது. நல்ல ஏல் வகைகள் பத்து டிகிரி வாக்கில்தான் வாயைத் திறந்து பேசும். கிளாஸ் குப்பென்று வியர்த்தால் பல சமயம் பீர் தேவைக்கு மேல் குளிர்ந்திருக்கிறது என்றே பொருள்.

இருப்பதிலேயே பெரிய காமெடி டீஹேஸ் ஸ்லைடர். அடோபி 2015-ல் கொண்டுவந்தது, மூடுபனியை விலக்க. அதைக் கலங்கல் ஐபிஏ படத்தில் இழுத்துவிட்டு ‘இப்போதுதான் பளிச்சென்று இருக்கிறது’ என்று பூரிப்பவர்களை என்ன சொல்வது?

படம் திரும்பி வந்து பீரையே மாற்றியதும் நடந்தது. இன்ஸ்டாகிராமும் பீருக்கு மார்க் போடும் அன்டாப்டும் 2010-ல் வந்தவை. அதற்குப் பிறகு மினுமினுப்புத் தூள் போட்ட பீர் 2018 வாக்கில் ஒரு சீசன் ஓடியது. கலங்கலுக்காகக் கோதுமை மாவு சேர்த்த ப்ரூவர்களும் உண்டு. வெர்மான்டின் ஆல்கெமிஸ்ட் ப்ரூவரி இதற்கு நேரெதிர். 2011-ல் ஹெடி டாப்பரை கேனில் அடைத்தபோது, கேனிலிருந்தே குடியுங்கள் என்று கேன்மேலேயே அச்சடித்தார்கள். வாசனை உள்ளேயே நிற்கட்டும் என்பது அவர்கள் கட்சி. ரசிகர்கள் கேட்டார்களா? கிளாஸில் ஊற்றி, பக்கத்தில் அதே கேனை, அதே வாசகம் தெரிகிற மாதிரி நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

சரி, படமே எடுக்கக்கூடாதா? எடுக்கட்டும். முதல் மடக்கும் குறிப்பும் முடிந்த பிறகு, பாட்டிலில் மிச்சம் இருப்பதை இரண்டாவது கிளாஸில் ஊற்றி எடுக்கட்டும். வெயில் வேண்டாம், நிழலான இடத்தில் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறுத்தினால் போதும். பார் விளக்கு 3000 கெல்வின் பக்கம் மஞ்சளடிக்கும், அதைச் சரிசெய்வது பொய்யில்லை. பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதில் ஒயிட் பேலன்ஸ் பார்த்து அதையே மற்ற படத்துக்கும் போடலாம். நுரையைக் கிளிக் செய்து வெள்ளை பார்க்கிறார்களே, அது வேண்டாம். ஸ்டவுட் நுரை இயல்பிலேயே பழுப்பு, அதை வெள்ளையாக்கினால் மேஜை நீலமாகிவிடும். எக்ஸ்போஷர் ஏற்றி இறக்கலாம், ஓரத்தை வெட்டலாம். சாச்சுரேஷன், டீஹேஸ், ஹீலிங் பிரஷ் மூன்றையும் தொடாமல் இருந்தால் புண்ணியம். கிளாஸ் எவ்வளவு அகலம் என்றும் ஒரு வார்த்தை எழுதிவிடலாம். சின்ன டேஸ்டர் கிளாஸில் பழுப்பாகத் தெரியும் போர்ட்டர், பைன்ட் கிளாஸில் கறுப்பாகத் தெரியும்.

இதெல்லாம் தொல்லை என்றால் காலி கிளாஸை எடுக்கலாம். சுத்தமான கிளாஸில் நல்ல பீர் குடித்தால் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு நுரை வளையம் உள்சுவரில் ஒட்டி நிற்கும். எத்தனை மடக்கில் காலியானது என்று படத்திலேயே எண்ணிவிடலாம்.