சொல்லிக்கொண்டு போகவேண்டிய இடம் இன்னும் ஒன்று இருக்கு சார்!

விழுப்புரத்துக்காரர் ஒருவர் வெளிநாடு கிளம்புவது ரகசியமாக நடக்க வாய்ப்பே இல்லை. பால்காரருக்குச் சொல்லியாக வேண்டும். பேப்பர் பையனுக்குச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு மாமிக்குச் சொல்லாமல் போனால் வந்த பிறகு முகத்தில் விழிக்க முடியாது ("சிங்கப்பூரா தம்பி? கோடாலித் தைலம் நாலே நாலு பாட்டில்..."). திண்டிவனத்து அத்தைக்கு போனில் சொன்னால் போதாது. ஏர்போர்ட் போகிற வழிதானே? இறங்கி, காப்பி குடித்து, திருநீறு பூசிக்கொண்டுதான் போக வேண்டும். ஆபீஸில் சொல்லவே வேண்டாம். யாருக்கு அந்த ஆன்சைட் சான்ஸ் கிடைக்கவில்லையோ, அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

இத்தனை பேரிடமும் சொல்லிக்கொள்கிற மனுஷன், பர்ஸில் இருக்கும் கிரெடிட் கார்டைக் கொடுத்த வங்கிக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் என்ன ஆகும்? சாங்கியில் இறங்கும்போது ராத்திரி மணி பதினொன்று. நம்மூரில் எட்டரை. ஹோட்டல் வாடகையைக் கம்பெனி கட்டிவிட்டது. ஆனால் கவுன்ட்டர் பெண் சிரித்துக்கொண்டே, "டெபாசிட்டுக்கு ஒரு கார்டு கொடுங்கள் சார்" என்கிறாள். கொடுக்கிறீர்கள். மெஷின் யோசிக்கிறது. 'டிக்ளைன்ட்'. துடைத்து மறுபடி செருகுகிறாள். மறுபடி 'டிக்ளைன்ட்'. சிரிப்பு அப்படியேதான் இருக்கிறது, சூடு மட்டும் ஆறிவிட்டது. பின்னால் நாலு பேர் க்யூ. பையில் ரொக்கம் நூறு டாலர், அதிலும் டாக்ஸிக்காரர் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கார்டு லிமிட் இரண்டு லட்சம். ஒரு பைசா பாக்கி கிடையாது. மாசாமாசம் தேதிக்கு முன்னாலேயே கட்டுகிற உத்தமரை ஒரு சின்ன மெஷின் நடு ராத்திரியில் திருடன் மாதிரி பார்க்கிறது!

வங்கியைத் திட்டிப் புண்ணியமில்லை. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. கொரோனாவில் தள்ளிப்போய் அந்த அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. புதிதாகக் கொடுக்கிற கார்டானாலும் சரி, பழசை மாற்றிக் கொடுப்பதானாலும் சரி, கைக்கு வரும்போது இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் செருகினால் மட்டும்தான் அது வேலை செய்யும். ஆன்லைன், தொட்டால் போதும் என்கிற 'டேப்', வெளிநாடு... எல்லாம் ஆஃப். வேண்டும் என்றால் நாமே ஆன் செய்துகொள்ள வேண்டும். அதுவரை வெளிநாட்டில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத பழைய கார்டுகளுக்கும் அந்தக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குக் கரன்ட் வந்தாச்சு. மொட்டை மாடி லைட்டுக்குத் தனி ஸ்விட்ச். அவ்வளவுதான்.

"போன தடவை மலேசியா போனப்பவே ஆன் பண்ணிட்டேனே" என்று சிலர் மார் தட்டுவார்கள். நடுவில் கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு கூரியரில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புதுக் கார்டு வந்தால் பழையபடி முதலிலிருந்து.

ஸ்விட்சைப் போட்டுவிட்டாலும் கதை முடியவில்லை. வங்கியில் இன்னொரு ஆசாமி உட்கார்ந்திருக்கிறான். மனுஷன் இல்லை, கம்ப்யூட்டர். தூங்க மாட்டான், டீ குடிக்கப் போக மாட்டான். உங்கள் நடமாட்டம் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். மாச முதல் வாரம் விழுப்புரத்தில் மளிகை. திண்டிவனத்தில் பெட்ரோல். சனிக்கிழமை சாயங்காலம் பாண்டிச்சேரியில் ஒரு கடை (என்ன வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவனும் அத்தையிடம் சொல்ல மாட்டான்). ஆறு மணிக்கு விழுப்புரத்தில் தேய்த்த கார்டு ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் தேய்க்கப்பட்டால் அவன் கண்டுகொள்வதில்லை. சுமார் நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸிலேயே வந்துவிடலாம். அதே ஏழு மணிக்கு அந்தக் கார்டு பாங்காக்கில் தலைகாட்டினால்? அனுமார்கூட வழியில் எங்கேயாவது நின்றுதான் போயிருப்பார். யாரோ நம்பரைத் திருடிவிட்டான் என்று கணக்குப் போட்டு, பட்டென்று பூட்டிவிடுவான். அவன் செய்வது தப்பே இல்லை. பாங்காக்கில் நிற்பது நிஜமாகவே நீங்கள்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் சங்கதி.

எழுபதுகளில் இந்தத் தலைவலி கிடையாது. வெளிநாடு போகிறவர் கையில் எட்டு டாலரைக் கொடுத்து அனுப்பிய காலம் அது. கார்டாவது, டிக்ளைனாவது! 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா 'சென்ட்ரல் கார்டு' கொண்டுவந்தபோது அதை வைத்திருப்பதே ஒரு கௌரவம். இன்று திண்டிவனத்து மெடிக்கல் ரெப் பர்ஸில் மூன்று கார்டு இருக்கிறது. மூன்றும் ஒரே வங்கி என்பதுதான் வேடிக்கை. அந்த வங்கியின் கம்ப்யூட்டர் படுத்தால் மூன்றும் சேர்ந்து படுக்கும். கிளம்பும்போது வேறு வங்கிக் கார்டு ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பர்ஸில் இல்லை, பெட்டியில். பர்ஸ் போனால் இரண்டும் போகக் கூடாது பாருங்கள்.

இது நமக்கு மட்டும் வருகிற சோதனை என்று நினைக்காதீர்கள். ஆரோவில் பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியாச்சு. ஃபிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறவர்கள் திண்டிவனம் ஏ.டி.எம். ஒன்றில் கார்டைச் செருகினால், பாரிஸில் இருக்கிற கம்ப்யூட்டருக்கும் அதே சந்தேகம்தான் வரும். 'தி-ண்-டி-வ-ன-மா? நம்ம கஸ்டமருக்கு அங்கே என்ன வேலை?' அமெரிக்காவில் சில பெரிய வங்கிகள், "எங்களுக்குச் சொல்லவே வேண்டாம், நாங்களே கண்டுபிடித்துக்கொள்வோம்" என்று இப்போது சொல்கின்றன. நம்மூர்க் கார்டுக்கு அந்தப் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள். இங்கே ஸ்விட்ச் ஸ்விட்ச்தான்.

எங்கே இருக்கிறது அந்த ஸ்விட்ச்? வங்கி ஆப்பிலோ நெட் பாங்கிங்கிலோ கார்டு பகுதிக்குப் போனால் 'இன்டர்நேஷனல்' என்று ஒன்று இருக்கும். உள்ளே கடை, ஏ.டி.எம்., ஆன்லைன், டேப் என்று தனித்தனியாகக் கேட்கும். கடையை ஆன் செய்து, ஒரு லிமிட்டும் வையுங்கள். டேப்பை மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூர் எம்.ஆர்.டி. ரயிலிலும் லண்டன் பாதாள ரயிலிலும் விசா, மாஸ்டர்கார்டைக் கேட்டில் தொட்டுவிட்டே உள்ளே போகலாம். டேப் ஆஃப் என்றால் கேட் திறக்காது. கிரெடிட் கார்டில் ஏ.டி.எம். பணம் மட்டும் எடுக்காதீர்கள். எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி ஓடும். சில வங்கிகளில் பயணத் தேதியையும் நாட்டையும் பதிவு செய்ய இடம் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு போன் போட்டு, "இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இன்ன ஊரில் இருப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அதற்கு முன் எட்டு நிமிஷம் மியூசிக் கேட்க வேண்டியிருக்கும்.

போன் என்றதும் இன்னொன்று. ஓ.டி.பி. வருவது இந்திய நம்பருக்கு. ஏர்போர்ட்டில் லோக்கல் சிம் வாங்கியவுடன் நம்ம சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் ஓ.டி.பி. யாரைத் தேடி வரும்? ரோமிங் போட்டு அதை உயிரோடு வைத்திருங்கள். கார்டின் பின்னால் இருக்கும் 1800 நம்பர் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. பிளஸ் 91-ல் ஆரம்பிக்கிற சாதாரண நம்பர் ஒன்றை வங்கி கொடுத்திருக்கும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போனும் கார்டும் சேர்ந்தே தொலைந்தால் துண்டுச் சீட்டுதான் தெய்வம்.

அங்கே கடை மெஷின் ரொம்ப அன்பாக, "இந்திய ரூபாயில் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கும். நம்ம ரூபாயைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி உருகிப்போய்த் தலையாட்டாதீர்கள். அந்த அன்புக்குத் தனி ரேட் உண்டு. அந்த நாட்டுக் காசையே தேர்ந்தெடுங்கள். அதற்கும் நம் வங்கி ஒரு மார்க்-அப் போடும், பல கார்டுகளில் இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. அந்தக் கார்டுகளில் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இரண்டு பேரிடம் தண்டம் அழ வேண்டாமே.

திரும்பி வந்ததும் தைலம் விநியோகிப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. ஸ்விட்சை ஆஃப் பண்ண வேண்டும். வெளிநாட்டு வலைத்தளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. நம்பரும் தேதியும் பின்னாலிருக்கும் மூன்று இலக்கமும் தெரிந்தால் போதும், எவனோ ஒருவன் உங்கள் கணக்கில் ஷூ வாங்கிக்கொள்வான். அப்படி ஏதாவது மெசேஜ் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி வகுத்த கணக்குப்படி, உங்கள் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் நடந்த திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஏழு நாள் வரை இழுத்தால் பத்தாயிரமோ, லிமிட் ஐந்து லட்சத்துக்கு மேல் என்றால் இருபத்தைந்தாயிரமோ வரை உங்கள் தலையில் விழலாம்.

ஆஃப் பண்ண வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டாக்ஸியில் பின் சீட்டில் உட்கார்ந்து, விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது செய்துவிடலாம். பொங்கல் சமயமாக இருந்தால் மூன்று கார்டுக்கும் செய்துவிட்டு, அத்தைக்கு ஒரு போனும் போட்டு முடித்துவிடலாம்.