மரம் எழுதும் கணக்கு, நாம் தொலைக்கும் கணக்கு

நான்காம் படிவத்துக்குப் போகும் மாணவர்கள் பலர் அறிவியல் பாடங்களை எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கூடவே, “அதெல்லாம் நமக்கு வருமா சார்?” என்றும் கேட்கிறார்கள். தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வெகு தூரம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது சரியா என்று பார்க்க, பேராக்கிலிருந்து மிகத் தொலைவில் நடக்கும் ஓர் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அது சைபீரியாவின் பனிக்காட்டு மரங்களைப் பற்றியது.

குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் ஆண்டில் சில மாதங்களே பருக்கின்றன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு உண்டு. புதிய உயிரணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. பருவத்தின் தொடக்கத்தில் பிறப்பவை பெரியவை, சுவர் மெலிந்தவை. கோடை முடியும்போது பிறப்பவை சிறியவை, சுவர் தடித்தவை. முதல் வகை வெளிர்நிறமாகவும் அடுத்தது கருமையாகவும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு வளையம். இந்த வளையங்களைப் படிப்பதற்கென்றே 1937-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் லக்னோ நகரிலுள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனத்தார், இமயமலை மரங்களைக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வளைய வரிசைகளை அமைத்திருக்கிறார்கள்.

வளையம் குறுகியிருந்தால் அந்த ஆண்டு மரம் சரியாக வளரவில்லை என்று தெரியும். ஏன் வளரவில்லை? குளிரா, வறட்சியா? இதற்கு விடை தேடி ரஷ்ய அறிவியலாளர்கள் யூஜின் வகானோவும் அலெக்சாண்டர் ஷாஷ்கினும் ஒரு கணித மாதிரியை உருவாக்கினார்கள். அரிசோனாவின் மால்கம் ஹியூஸுடன் சேர்ந்து 2006-இல் அதை நூலாகவும் வெளியிட்டார்கள்.

அதன் அடிப்படை ஐந்தாம் படிவக் கணக்கைவிடக் கடினமானதல்ல. ஒவ்வொரு நாளும் வெப்பம், மண்ணின் ஈரம், பகல் வெளிச்சம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் தர வேண்டும். வெப்பம், ஈரம் இரண்டில் எது குறைவோ அதை எடுத்து வெளிச்சத்தின் மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். வெப்பம் 0.8, ஈரம் 0.3, வெளிச்சம் 0.9 என்றால் அன்றைய வளர்ச்சி வேகம் 0.27. வெப்பம் எவ்வளவு ஏறினாலும் ஈரம் 0.3-இல் நிற்கும்வரை விடை மாறாது. இந்த வேகத்தைக் கொண்டு உயிரணுக்கள் எத்தனை பிறக்கும், எவ்வளவு பெருக்கும் என்று கணிக்கிறார்கள். பிறகு உண்மையான கட்டையை நுண்ணோக்கியில் அளந்து ஒப்பிடுகிறார்கள்.

வகானோவும் நண்பர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதன் பயனைக் காட்டுகிறது. சைபீரியாவின் வடகோடியில் குளிர்காலப் பனிப்பொழிவு கூடினால் பனி உருகத் தாமதமாகும். கேம்பியமும் தாமதமாகவே விழிக்கும். அதனால் கோடை வெயிலின் பலன் மரத்துக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. பூமி சூடானால் குளிர்நாட்டு மரங்கள் செழிக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. குளிர் விலகிய இடத்தில் வறட்சி வந்து தடுக்கலாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வழிவந்த தொழிலில்தான் நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்தார்கள். பால்வெட்டின் முதல் பாடமே மரத்தைக் காயப்படுத்தாதே என்பது. கத்தி கேம்பியத்தைத் தொடக் கூடாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் மங்கு நிறையாது. ஆழமாக வெட்டினால் பட்டை சரியாக வளராது. விடியுமுன் வெட்டியதற்கும் காரணம் உண்டு. அப்போது மரத்தின் உள்ளே நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். புதிய உயிரணுவைப் பெருக்க வைப்பதும் அதே நீரழுத்தம்தான். கேம்பியத்துக்கு உட்புறம் உருவாகும் கட்டையை ரஷ்யர்கள் அளந்தார்கள். வெளிப்புறம் உருவாகும் பட்டையை நம்மவர்கள் கைத்தலைப் பழக்கத்தால் அளந்தார்கள்.

ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. ஜாவாவின் தேக்கு போல, தெளிவான வறட்சிக் காலம் உள்ள இடத்து மரங்களில் ஆண்டு வளையம் காணலாம். ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் உள்ள பேராக்கில் பெரும்பாலான மரங்களில் அப்படி எண்ண முடியாது. இங்கே மரம் கணக்கு எழுதுவதில்லை, மனிதர்கள்தாம் எழுதினார்கள். பல தோட்டங்களில் மழைமானி இருந்தது. கிராணி நாள்தோறும் மழையளவைக் குறித்தார். ஒவ்வொருவரும் கொண்டுவந்த பாலின் எடையும் பதிவேட்டில் ஏறியது. மழையும் மரத்தின் பலனும் நாள்வாரியாகப் பக்கம் பக்கமாக இருந்தன. மாதிரி அமைப்பவர்கள் தேடுவது இத்தகைய கணக்கைத்தான்.

தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960-இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி நிலத்தைக் காக்க முனைந்தார். பதிவேடுகளைக் காக்க அப்படி ஓர் இயக்கம் எழவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. பழைய அலுவலக அலமாரிகளில் எஞ்சியவற்றைக் கரையான் தின்கிறது. பால்வெட்டு தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன.

மாணவர்களே, வரும் பள்ளி விடுமுறையில் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டியிடம் எந்த மாதம் பால் குறைந்தது, எந்த மழை வேலையை நிறுத்தியது என்று கேட்டு எழுதுங்கள். பழைய பதிவேடு எங்கேனும் இருந்தால் உரியவரிடம் அனுமதி பெற்றுப் படமெடுத்துப் பள்ளியில் சேருங்கள். ஒரு நேரான குவளையை வெட்டவெளியில் வைத்து நாள்தோறும் மழையை அளந்து கணினி அட்டவணையில் ஏற்றுங்கள். மேலே சொன்ன பெருக்கலையும் அதில் முயன்று பாருங்கள். அறிவியல் ஆசிரியர்கள் இதைப் புறப்பாட நடவடிக்கையாக்கலாம்.

அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் முதல் பக்கம் எழுதப்பட்டிருக்கட்டும். தேதியை மறக்காமல் போடுங்கள். தேதி இல்லாத மழைக்கணக்கு பிற்காலத்தில் எவருக்கும் பயன்படாது.