கடைசியில் நின்றவனுக்கு முதல் உரிமை

வென்றவனைப் பாராட்ட ஊரெல்லாம் ஆள் உண்டு; மாலை உண்டு; மேடையும் உண்டு. தோற்றவனைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. ஆகவே இந்த இதழில் ஒரு தோல்வியைப் பற்றி எழுதத் துணிந்தேன். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரே பருவத்தில் ஒரே குழு அடைந்த 16 தோல்விகள்!

அமெரிக்காவிலே டெட்ராய்ட் என்றொரு நகரம். மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பேர்போனது. அந்நகரத்தின் தொழில்முறைக் கால்பந்துக் குழுவுக்கு லயன்ஸ், அதாவது சிங்கங்கள், என்று பெயர். கால்பந்து என்றதும் நாம் மாலையில் ஆடும் ஆட்டத்தை எண்ணிவிடாதீர்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியை முட்டி வீழ்த்தியும் ஆடும் ஆட்டம் அது. 2008-ஆம் ஆண்டில் ஒவ்வொரு குழுவும் பருவத்துக்கு 16 ஆட்டங்கள் ஆட வேண்டும். சிங்கங்கள் பதினாறிலும் தோற்றன. அப்படித் தோற்ற முதல் குழு அதுதான். 2017-இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் துணைக்கு வந்து சேரும் வரை அந்தப் 'புகழ்' அவர்களுக்கே உரியதாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், பருவத்துக்கு முந்திய 4 பயிற்சி ஆட்டங்களிலும் அவர்கள் வென்றிருந்தார்கள். ஒத்திகையில் சிங்கம்; அரங்கேற்றத்தில் ஆட்டுக்குட்டி!

அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் நாள் மின்னசோட்டாவில் ஓர் ஆட்டம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டான் ஆர்லாவ்ஸ்கி, எதிரிகளிடமிருந்து தப்பப் பின்வாங்கினார். தன் எல்லையின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டதை அறியாமலே ஓடிக்கொண்டிருந்தார். எதிர்க் குழுவுக்கு 2 புள்ளிகள். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 12-க்கு 10. அதே 2 புள்ளியில் தோல்வி! நாடே சிரித்தது. அந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் சொல்வது அந்த ஓட்டத்தைத்தான்.

ஆனால் தோழர்களே, எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு சிங்கங்கள் எடுத்த புள்ளிகள் 268. கொடுத்த புள்ளிகள் 517. ஆட்டத்துக்குச் சராசரியாக 15 புள்ளிக்கு மேல் பின்தங்கிய குழுவை, ஒருவன் கோட்டுக்கு அப்பால் வைத்த காலடியா கவிழ்த்தது? அக்குழுவில் திறமைக்கும் பஞ்சமில்லை. கால்வின் ஜான்சன் பந்தைப் பிடித்து 12 முறை எல்லை கண்டார். ஜேசன் ஹான்சன் 50 கெஜமும் அதற்கு மேலும் உள்ள தொலைவிலிருந்து 8 முறை பந்தைக் கம்பத்துக்குள் உதைத்தார். தோற்ற குழுவில் இருப்பவரெல்லாம் திறமையற்றவர் என்பது சோம்பேறிகளின் தீர்ப்பு.

குறை வேறிடத்தில் இருந்தது. 2001 முதல் குழுவின் நிருவாகம் மாட் மில்லன் என்பவர் கையில். 2003, 2004, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்றில், பந்தைப் பிடிப்பவர்களையே எடுத்தார்கள். தூண் இல்லாத வீட்டுக்குச் சாளரமாக வாங்கி அடுக்கினால் கூரை நிற்குமா? 2008-இல் 3 ஆட்டங்கள் தோற்றதும் மில்லனை நீக்கினார்கள். அதற்குள் வீடு சாய்ந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அந்த ஆட்டச் சங்கத்தில் 1936 முதல் ஒரு முறை உண்டு. கல்லூரிகளிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, கடைசியில் நின்ற குழுவுக்கே முதல் உரிமை. இது தருமம் அன்று, கணக்கு. வென்றவனே என்றும் வென்றுகொண்டிருந்தால் பார்க்க வருகிற கூட்டம் குறையும், சங்கமே நலியும் என்று பணக்கார முதலாளிகள் கண்டறிந்த உண்மை. அம்முறைப்படி 2009-இல் சிங்கங்கள் மாத்யூ ஸ்டாஃபோர்டு என்னும் இளைஞரை முதல் ஆளாக எடுத்தன.

"தோற்றவனுக்குப் பரிசா? வேண்டுமென்றே தோற்கமாட்டானா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். கூடைப்பந்துச் சங்கத்தார் 1985 முதல் அதற்காகவே குலுக்கல் முறையைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டையை அடைத்தார்களே தவிர, கடையனுக்குக் கைகொடுக்கும் கொள்கையைக் கைவிடவில்லை.

வாய்ப்பு ஒன்றே போதும் என்றும் நான் வாதாடவில்லை. முதல் தேர்வு கிடைத்த 2009-இலும் சிங்கங்கள் வென்றது 2 ஆட்டமே. தொடர்ந்து 19 தோல்விகளுக்குப் பிறகு, செப்டம்பர் 27-இல் வாஷிங்டனை 19-க்கு 14 என்று வீழ்த்திய அன்றுதான் சாபம் நீங்கியது. பட்டப் போட்டிச் சுற்றில் ஒரு வெற்றி காண 2024 ஜனவரி வரை காத்திருந்தார்கள். 32 ஆண்டுகளுக்குப் பின் வந்த வெற்றி அது. அன்று எதிர்க் குழுவை நடத்தியவர் அதே ஸ்டாஃபோர்டு! 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் 17 ஆட்டங்களில் 15 வெற்றி. வாய்ப்பு வேண்டும், அதைப் பயன்படுத்தும் அறிவு வேண்டும், இரண்டுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

நம் நிலை என்ன? நுழைவுத் தேர்வில் முதலில் நிற்பவன் முதலில் துறையைத் தேர்ந்தெடுக்கிறான், அது முறையே. ஆனால் உள்ளே வந்த பிறகும் அதே வரிசைதானா? சிற்றூர்ப் பள்ளியிலே தமிழில் படித்துவிட்டு, மொழி தெரியாத ஊருக்கு வந்து, விரிவுரையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதற்பருவத்தில் இரண்டு மூன்று பாடங்களில் தவறிய தம்பி, அதன்பின் நம் சங்கத்துப் பக்கமே வருவதில்லை. அவன் வரவில்லை என்பதை நாமும் கவனிப்பதில்லை. அவன் தவறிய கதை மட்டும் விடுதியில் நகைச்சுவையாக உலவுகிறது. காலடியைக் கண்டு சிரிக்கிறோம். கட்டடத்தின் குறையைக் காண மறுக்கிறோம்.

என் கருத்து இதுதான். பொங்கல் விழாவுக்கும் நாடகத்துக்கும் ஆள் சேர்க்கும் முன், பருவத் தொடக்கத்திலேயே சங்கம் ஒரு பட்டியல் போடட்டும். எந்தப் பாடத்தை எந்த அண்ணன், எந்த அக்கா சொல்லித்தர முடியும் என்ற பட்டியல் அது. தவறியவர் பெயரை எங்கும் எழுதி ஒட்ட வேண்டாம். பட்டியலை முதலில் அவர்கள் கையில் கொடுப்போம்; தமக்கு வேண்டிய ஆசிரியரை அவர்களே முதலில் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பருவத்தில் பயன் தெரியாவிட்டால் மறு பருவமும் தொடர்வோம்.

லாபம் கருதும் முதலாளிகளே கடைசியில் நின்றவனுக்கு முதல் உரிமை தருகிறார்கள். அன்பின் பேரால் கூடியிருக்கும் நாம் தரக் கூடாதா?