முதல் ஆண்டின் கணக்கு

என் பழைய மாணவன் ஒருவன் இலண்டன் மாநகருக்குப் படிக்கச் சென்று அண்மையில் ஓராண்டு நிறைந்தது. அன்றிரவு அவன் என்னோடு தொலைபேசியிற் பேசினான். "முதல் ஆறு மாதமும் அநேகமாகப் பாணும் தேநீரும்தான், சேர். அறை வாடகையைக் கொடுத்து, அடைவிலிருக்கும் நகையை மீட்க வீட்டுக்கும் அனுப்பினால் கையில் மிச்சம் இராது. 'சாப்பிட்டாயோ தம்பி?' என்று அம்மா நாள்தோறும் கேட்பா. 'ஓம்' என்றே சொல்லிவந்தேன்" என்றான்.

ஓராண்டாக ஒரு பொய்! ஆயினும் அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அன்பு சொல்லவைத்த பொய் அது. அதே நகரில் வேறோர் இளைஞர் கழித்த முதல் ஆண்டை அவனுக்கு நினைவூட்டினேன்.

1888ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு அப்பொழுது பத்தொன்பது வயது நிரம்பவில்லை. மதுவையும் மங்கையரையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று தாயார் புத்லிபாய்க்கு வாக்குக் கொடுத்தே அவர் புறப்பட்டார். உப்பும் உறைப்பும் இன்றி அவித்த மரக்கறி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இன்னுமொரு துண்டுப் பாண் கேட்கவோ நாணம் தடுத்தது. இரவிலே தாயை நினைத்துக் கண்ணீர் வடித்தார். அத்துயரை எவரோடும் பகிர்ந்துகொள்ள இயலவில்லை என்று 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியுள்ளார்.

எனினும் அவர் அறைக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. மரக்கறி உணவுச்சாலையைத் தேடி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஒரு நாள் பாரிங்டன் வீதியில் அத்தகைய சாலை ஒன்று கண்ணிற் பட்டது. இங்கிலாந்து சேர்ந்தபின் அவர் வயிறார உண்டது அன்றுதான். ஹென்றி சால்ற் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலொன்றை ஒரு சிலிங்குக்கு அங்கே வாங்கினார். தாய்க்காகக் காத்த விரதம், அந்நூலைப் படித்தபின் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று.

பின்னர் நாகரிக மோகம் பிடித்தது. பத்துப் பவுணுக்கு மாலை உடுப்பு. மூன்று பவுணுக்கு நடன வகுப்பு. மேலும் மூன்று பவுணுக்கு ஒரு வயலின். மூன்று மாதமளவில் அம்மயக்கம் தெளிந்தது. மயங்கியிருந்த நாளிலும் ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதும் வழக்கத்தை அவர் கைவிடவில்லை. தமக்குப் பணம் அனுப்பும் தமையனாரின் சிரமத்தை எண்ணிப் பின்பு ஓரறைக்கு மாறினார். காலையிலே தாமே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். வண்டிக் கூலி மிஞ்சும்படி நடந்தே திரிந்தார்.

1891இல் அவர் பாரிஸ்டராகப் பம்பாயில் வந்து இறங்கியபோதுதான், தாயார் இறந்துவிட்ட செய்தியைத் தமையனார் சொன்னார். அந்நிய நாட்டிலே தம்பி தனியே கலங்கலாகாது என்று அதுவரை மறைத்து வைத்திருந்தார். அன்பு மறைப்பது பிள்ளைகள் பக்கத்தில் மாத்திரம் அன்று.

அக்காலத்திலே கடிதம் கப்பலில் வரவேண்டும். இன்றோ முகத்தைப் பார்த்தபடியே பேசுகிறோம். ஆனால், முகத்தைக் காட்டும் கருவி வெறுமையான அடுப்பைக் காட்டுவதில்லை. "சாப்பிட்டாயோ?" என்ற வினா "ஓம்" என்ற விடையையே எதிர்பார்த்து நிற்கின்றது. "இன்று என்ன சமைத்தாய்? வாடகை போக எவ்வளவு மிச்சம்?" என்று பெற்றோர் கேட்பாராயின், உண்மை வெளிவர ஒரு வாயில் திறக்கும். கேட்டபின் கோபிக்காதிருத்தல் அதனினும் அவசியம். பிள்ளைகளே, நீங்களும் கணக்கெழுதுங்கள். எழுதியதை வீட்டாருக்கும் காட்டுங்கள். உங்கள் பசியை அறியாத வீடு உங்களுக்கு எவ்வாறு உதவும்?

சென்ற ஞாயிறு அம்மாணவனின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகன் யாவற்றையும் சொல்லிவிட்டானாம். "நகை அடைவிலேயே கிடக்கட்டும், சேர். இனி ஆறு மாதத்துக்கு ஒரு சதமும் அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "பருப்புக் கறி எப்படி வைப்பது என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன்" என்றார்.