மலைத்தோட்டத்தில் காட்டுப்பூவரசு

நீலகிரியிலும் பழனி மலையிலும் பங்களாத் தோட்டங்களை அலங்கரிக்கும் அசேலியாச் செடிகள் பெரும்பாலும் சீன, ஜப்பான் தேசத்து இனங்களின் வழிவந்தவை. அவற்றின் நெருங்கிய உறவாகிய காட்டுப்பூவரசு இம்மலைகளுக்கே உரியது. ரோடோடெண்ட்ரான் என்னும் பேரினத்தில் தென்னிந்தியாவுக்குச் சொந்தமானது இஃதொன்றே. ஏறக்குறைய 5,000 அடிக்கு மேற்பட்ட புல்வெளிகளிலும் சோலையோரங்களிலும் தை, மாசி மாதங்களில் செங்கொத்துக்களாய்ப் பூக்கும். மே மாத மலர்க்காட்சிக்கு வருவோர் பெரும்பாலும் இதைப் பூவோடு காணாமலே திரும்புவதும், தோட்டக்காரரிடத்து இதன் மதிப்புக் குன்றியதற்கு ஒரு காரணம் போலும்.

விரும்பி வைக்கும் சிலரோ தகாத வழியை நாடுகின்றனர். சோலையோரத்தில் தானே வளர்ந்த செடியைக் கடப்பாரையால் பெயர்த்து வருகின்றனர். ஒதுக்குக் காட்டில் இது குற்றமென்பது ஒருபுறமிருக்க, மயிர்போன்ற இதன் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால், பெயர்க்கும்போதே பெரும்பகுதி அறுந்துபோகிறது. நட்டவர் தண்ணீர் ஊற்றி ஊற்றியும் செடி பட்டுப்போகிறது. தேயிலைக்கும் சீகைக்கும் கற்பூர மரத்துக்கும் இடங்கொடுத்து எஞ்சிய புல்வெளியில், புல் தீப்பற்றினும் தடித்த பட்டையால் பிழைத்து நின்ற மரம், தோட்டக்காரர் கையில் மடிவது வருந்தத்தக்கது.

விதையினால் உண்டாக்குவதே சிலாக்கியம். காய் பழுப்பேறி வெடிக்குமுன் பறித்து, தூள்போன்ற விதையை மட்கிய இலைமண் நிரப்பிய சட்டியின்மேல் தூவவேண்டும். மண்ணிட்டு மூடலாகாது, முளைக்க வெளிச்சம் தேவை. நிழலில் வைத்து, பூவாளியால் மென்மையாகத் தெளித்து, ஈரம் வற்றாமல் காக்கவேண்டும். பூக்கப் பத்தாண்டு சென்றாலும் வியப்பில்லை. ஆயினும் இலையின் அழகுக்காகவே வளர்க்கத் தக்கது. சர்க்கார் நாற்றுப்பண்ணைகள் இவ்வாறு கன்றுகளை எழுப்பிக் குறைந்த விலைக்குக் கொடுக்குமாயின், கடப்பாரைக்கு வேலையிராது.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு பயிரிடும் மலைக்குடியானவர்கள் புளிப்பு மாற்ற நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதுண்டு. அதே கையால் இச்செடிக்கும் இட்டால், இலை நரம்புகள் மாத்திரம் பச்சையாயிருக்க மற்றப் பாகம் வெளிறிச் செடி நலியும். பி.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணே ஏற்றது. தேயிலை செழிக்கும் மண்ணில் இதுவும் செழிக்கும். சுண்ணாம்புச் சுவரினருகிலும் நீர் தேங்குமிடத்திலும் நடலாகாது. ஆழமாய்ப் புதையாமல் நட்டு, அடியைக் கொத்தாமல், 2 அல்லது 3 அங்குலக் கனத்துக்குச் சருகு பரப்புதல் போதும்.

இலை ஆடுமாடுகளுக்கு விஷமாதலால், கொட்டிலருகில் நடுதலும், கழித்த கிளைகளை அவற்றின் முன் எறிதலும் கூடாது.